தீர்ப்பு இறைவனுக்கு, இரக்கம் மனிதருக்கு

ஒரு சமயத்தவரின் வழிபாட்டை அதிகாரத்தின் துணைகொண்டு அடக்கிவிடலாம் என்ற எண்ணம் இலங்கைக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் இந்துக் கோயில்களை இடித்தனர். 1626 இல் முஸ்லிம்களைத் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றினர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்து அதன் குருமாரைத் துரத்தினர். நேற்று ஒடுக்கியவரின் சமயம் இன்று ஒடுக்கப்படும் சமயமாயிற்று. இதனை இறைவனின் தீர்ப்பு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. அவ்வாறு ஒதுங்காத ஒருவரின் வாழ்வை நாம் இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1651 இல் கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார், 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். தமிழைக் கற்று, சில்லாலையில் மறைந்திருந்து, இரவு வேளைகளில் மக்களைச் சந்தித்தார். 1689 நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்தப் படையினர் கைது செய்தனர். அடிகளார் அகப்படவில்லை. பின்னர் புத்தளம் சென்ற அவர், 1692 இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தின் பேரில் சிறைவைக்கப்பட்டார்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. கொள்ளைநோயைத் தெய்வ கோபமெனக் கருதிய காலம் அது. மன்னர் நகரை விட்டு நீங்கினார். நோயுற்றோர் உறவினராலேயே கைவிடப்பட்டனர். அடிகளாரோ உடன்குருவான யோசப் கர்வாலோவுடன் அங்கேயே தங்கினார். சமயம் பாராது நோயாளரைக் கழுவித் துடைத்து உணவூட்டினார். இறந்தோரை அடக்கம் செய்தார். யாருடைய பாவத்துக்கு இத்தண்டனை என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கவில்லை. பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை மதித்தார். அவரை உளவாளியென ஐயுற்ற நாட்டிலேயே அவரது பணிக்கு வழி திறந்தது. வாதத்தால் பெறமுடியாததை அவர் தொண்டினால் பெற்றார். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் அவர் மறைந்தார். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இவ்வாழ்வு வன்னிக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தருக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாதாவின் சொரூபத்துடன் அடைக்கலம் புகுந்த காடே இன்றைய மடு. 1990 இல் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, அவர்களுட் பலர் புத்தளத்திலேயே தஞ்சமடைந்தனர். நெடுங்கேணி வெடுக்குநாறிமலையில் 2023 இல் தெய்வ விக்கிரகங்கள் சேதமாக்கப்பட்டன. 2024 சிவராத்திரி நாளில் வழிபடச் சென்றோரில் எட்டுப்பேர் கைதாகினர். நத்தார் இரவுக்கும் சிவராத்திரிக்கும் இடையில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஆயினும் வழிபடுவோரின் அச்சம் மாறவில்லை.

இறைவன் நீதிபதி என்பதும் கருணையாளன் என்பதும் நம் சமயங்கள் யாவும் போதிப்பவையே. தீர்ப்பு அவனுக்குரியது. பிறர் துயரைக் கண்டு, அது அவர்களுக்கு வேண்டியதே என்று கூறும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. அயலவரின் கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ தாக்கப்படும்போது முதலில் சென்று நிற்பவர்கள் நாமாக இருத்தல் வேண்டும். அடிகளாரை நினைவுகூர்வதன் பொருள் அதுவே.