காற்றின் கணக்கைத் தேடியவர்

ஆயர் ஈத்தாமில் ஓர் ஆண்டு மழை கொட்டித் தீர்க்கிறது. மற்றோர் ஆண்டு வெயில் வாட்டுகிறது. இம்மாற்றத்திற்கான காரணம் ஜொகூர் வானில் மட்டும் இல்லை. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பசிபிக் பெருங்கடலிலும் இருக்கிறது. இவ்வுண்மையை உலகம் அறிய வழிவகுத்தவர் சர் கில்பர்ட் வாக்கர்.

வாக்கர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1889ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங் எவ்வாறு பறக்கிறது என்று ஆராய்வதில் அவருக்குப் பேரார்வம் இருந்தது. ஆனால், வானிலைத் துறையில் அவருக்கு முன் அனுபவம் இல்லை.

அக்காலத்தில் பருவமழை பொய்த்தால் இந்திய மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. 1899ஆம் ஆண்டு நல்ல மழை பெய்யும் என்று வானிலைத் துறை கணித்தது. மாறாக, கடும் வறட்சியே வந்தது. மீண்டும் பஞ்சம் தலைதூக்கியது. மழையை முன்கூட்டியே அறிவது உயிர்காக்கும் பணி என்பதை அனைவரும் உணர்ந்தனர். இந்நிலையில், 1904ஆம் ஆண்டு வாக்கர் இந்திய வானிலைத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

இந்தியாவின் மழைக்கான காரணத்தை இந்தியாவிற்குள் மட்டும் தேடினால் போதாது என அவர் கருதினார். எனவே, உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டினார். நைல் நதியின் வெள்ள அளவையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓரிடத்தில் ஏற்படும் மாற்றம் மற்றோர் இடத்து மாற்றத்தோடு இணைந்து வருகிறதா என்று ஒப்பிட்டார். கணினி இல்லாத காலம் அது. இந்திய எழுத்தர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் கையாலேயே கணக்கிட்டனர்.

வாக்கரின் பார்வை மேகங்களை மட்டும் காணவில்லை. 1913ஆம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இராமானுஜனின் கணிதக் குறிப்பேடுகளைப் பார்வையிட்டார். அவ்விளைஞரின் ஆற்றலை உணர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். விரைவில் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

இருபது ஆண்டு உழைப்பில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. பசிபிக் பெருங்கடல் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது, இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது தாழ்ந்தது. தராசுத் தட்டுகளைப் போல இவ்விரண்டும் மாறி மாறி ஏறி இறங்கின. 1924ஆம் ஆண்டு வாக்கர் இதற்குத் 'தெற்கு அலைவு' எனப் பெயரிட்டார். எனினும், பருவமழையைத் தவறின்றிக் கணிக்கும் வழி அவருக்குக் கைகூடவில்லை. இத்தொடர்புக்கான காரணத்தையும் அவரால் விளக்க இயலவில்லை. அதனால், பலர் அவருடைய முடிவுகளை ஐயுற்றனர். 1958ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அவர் காலமானார்.

விடை பின்னரே கிடைத்தது. 1963ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் வெளியிட்ட ஆய்வு, ஒழுங்கின்மைக் கோட்பாட்டிற்கு அடித்தளமிட்டது. தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடும் நாளடைவில் வானிலையைப் பெரிதும் மாற்றிவிடும் என்பதை அவர் காட்டினார். ஆகவே, பல வாரங்களுக்குப் பின் வரும் ஒரு நாளின் வானிலையைத் துல்லியமாகக் கூற இயலாது. ஆனால், கடல் மெதுவாகவே மாறுகிறது. அதனைக் கவனித்தால், வரும் பருவத்தின் போக்கையேனும் ஊகிக்கலாம். 1969ஆம் ஆண்டு ஜேக்கப் பியர்க்னஸ் என்ற அறிஞர், தெற்கு அலைவும் பசிபிக் கடல்நீரைச் சூடாக்கும் எல் நினோவும் இணைந்தவை என்று விளக்கினார். அவ்விடத்துக் காற்றோட்டத்திற்கு வாக்கரின் பெயரையே சூட்டினார்.

1997ஆம் ஆண்டின் எல் நினோ நம் வட்டாரத்தில் வறட்சியைக் கொணர்ந்தது. புகைமூட்டமும் மலேசியாவைச் சூழ்ந்தது. இன்று எல் நினோ நெருங்குவதை வானிலைத் துறையினர் சில மாதங்களுக்கு முன்பே அறிவிக்கின்றனர். நீரைச் சேமிக்கவும் காட்டுத்தீயைத் தடுக்கவும் அவ்வறிவிப்பு உதவுகிறது. வாக்கர் தேடிய விடை அவர் வாழ்நாளில் கிட்டவில்லை. ஆயினும், அவர் தொடங்கிய தேடல் இன்று பலரைக் காக்கிறது.