மண்ணைப் படித்த மேதை

செர்கெய் வினோகிராட்ஸ்கி 1856ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றார். பின்னர் பியானோ கற்றார். இரண்டிலும் மனம் நிலைக்கவில்லை. இறுதியில் அறிவியலே அவரை ஈர்த்தது.

அக்கால ஆய்வாளர்கள் பாக்டீரியாக்களைச் சத்துமிக்க கூழ்மத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். ஆனால், பயிருக்குத் தேவையான நைட்ரேட்டை மண்ணில் உருவாக்கும் பாக்டீரியாக்கள் அதில் வளரவில்லை. வினோகிராட்ஸ்கி மாற்றி யோசித்தார். கரிமச் சத்து எதுவும் சேர்க்காமல், அம்மோனிய உப்பையும் பிற தாது உப்புகளையும் மட்டுமே கொடுத்தார். அவை செழித்து வளர்ந்தன. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் மற்றொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுவதை அவர் கண்டறிந்தார்.

ரஷ்யப் புரட்சி அவரது வாழ்வைப் புரட்டிப் போட்டது. சொத்துகளை இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். 1922ஆம் ஆண்டு பிரான்சின் பாஸ்டர் கழகம் அவரை அழைத்தது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவர் மீண்டும் ஆய்வைத் தொடங்கினார். மண்வாழ் நுண்ணுயிரிகளை அவற்றின் இயற்கைச் சூழலிலேயே ஆராய வேண்டும் என வலியுறுத்தினார். 1953ஆம் ஆண்டு, தமது 96ஆம் வயதில் மறைந்தார்.

இன்று, காட்மியம் போன்ற கன உலோகங்களால் மாசடைந்த மண்ணிலும் சில பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கின்றன. உலோகத்தை உணர்ந்ததும் அவற்றின் குறிப்பிட்ட மரபணுக்கள் செயல்படத் தொடங்கி, அந்த நஞ்சை உயிரணுவிலிருந்து வெளியேற்ற உதவுகின்றன. உயிரையும் அது வாழும் சூழலையும் சேர்த்தே ஆராயும் இத்தகைய முயற்சிகளுக்கு வினோகிராட்ஸ்கி அன்றே வழிகாட்டினார்.