ரொக்கேயா அம்மையார்: கனவும் பள்ளியும்

உலகில் பெரியோர் எனப் போற்றப்படுவோர் பெரும்பாலும் இருவகையினர். வருங்காலத்தைத் தம் அகக்கண்ணாற் கண்டு பிறர்க்கு உரைப்போர் ஒரு சாரார். நிகழ்காலத்தின் மேடுபள்ளங்களில் நடந்து, கல்லும் முள்ளும் களைந்து, பின்வருவோர்க்கு வழி அமைப்போர் மற்றொரு சாரார். முன்னவரைக் கனவு காண்போர் என்று பின்னவர் இகழ்வதும், பின்னவரைக் குறுகிய நோக்கினர் என்று முன்னவர் எள்ளுவதும் வழக்கம். இவ்விரு திறமும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே அமைவது அரிது. அங்ஙனம் அமையப்பெற்ற மிகச் சிலருள் ஒருவர், வங்க நாட்டிற் பிறந்த ரொக்கேயா சகாவத் உசேன் அம்மையார். அவருடைய வரலாற்றைச் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மையார் 1880 ஆம் ஆண்டில் ரங்பூர் ஜில்லாவைச் சேர்ந்த பைராபந்து என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது வங்காளதேசத்தின்கண் உள்ளது. தந்தையார் பெருநிலக்கிழார், பல மொழிகளைக் கற்றவர். எனினும் அக்காலத்து உயர்குடி முஸ்லிம்களைப் போன்றே, பெண்மக்கள் திருக்குர்ஆனை ஓதுதற்கு வேண்டிய அரபும், சிறிது உருதுவும் கற்றாற் போதும் என்னும் கொள்கையினர். ஆண்மக்கள் கல்கத்தாவிலுள்ள கல்லூரிக்குச் சென்று ஆங்கிலம் பயின்றனர். பெண்மக்களோ வீட்டின் உட்கட்டை விட்டு வெளியே வரவும் உரிமையற்றிருந்தனர். கோஷா முறையின் கடுமை அவ்வீட்டில் எத்தகையது எனின், அயலார் வீட்டுப் பெண்டிர் விருந்தாக வந்தாலும், ஐந்து வயதுச் சிறுமியாகிய ரொக்கேயா அவர் கண்ணிற் படாதவாறு ஓடி ஒளிந்துகொள்ளல் வேண்டும். மேல்மாடத்திலும் கட்டிலின் அடியிலும் பதுங்கியிருந்த அந்நாள்களைப் பிற்காலத்தில் அவர் நகையும் துயரமும் கலந்து எழுதியுள்ளார்.

இத்தகைய இருளில் அவருக்கு ஒளி காட்டியவர் இருவர். ஒருவர் மூத்த சகோதரராகிய இப்ராஹிம் சாபர். வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளியும் கற்பித்தவர் அவரே. மற்றொருவர் தமக்கையாகிய கரிமுன்னிசா. வங்காளி நூல்களைப் படிப்பதிற் பேரார்வம் கொண்டிருந்த அத்தமக்கைக்குப் பதினைந்து வயது நிரம்புமுன்னரே மணம் முடித்துவைத்து, அவ்வார்வத்திற்கு முற்றுப்புள்ளி இட முயன்றனர். கள்ளனைப் போல இரவில் ஒளிந்து கல்வி கற்க நேர்ந்த அச்சிறுமியின் உள்ளத்தில், பகல் வெளிச்சத்தில் பெண்கள் கற்கும் நாள் என்று வரும் என்னும் ஏக்கம் அன்றே வேரூன்றியிருத்தல் வேண்டும்.

1898 ஆம் ஆண்டில் பகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்த கான் பகதூர் சகாவத் உசேன் என்பாரை அம்மையார் மணந்தார். கணவர் அவரினும் ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவர். முதல் மனைவியை இழந்தவர். இம்மணம் மற்றொரு சிறைவாசமாக முடிந்திருக்கக் கூடும். ஆயின் சகாவத் உசேன் பரந்த நோக்குடையவர். மனைவியின் அறிவைக் கண்டு மகிழ்ந்து, அவருடைய ஆங்கிலப் பயிற்சிக்கு உறுதுணையாய் நின்று, நூல்கள் எழுதுமாறும் தூண்டினார். பிறந்த இரு பெண்மகவும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தொழிந்தமையால் அம்மையாருக்கு நேர்ந்த தாய்மைத் துயரம் பெரிது. எழுத்தே அவருக்கு ஆறுதலாயிற்று.

ஒருசமயம் கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தார். தனிமையிற் பொழுது போக்கும்பொருட்டு அம்மையார் ஆங்கிலத்தில் ஒரு சிறுகதை எழுதிவைத்தார். திரும்பி வந்த கணவர் அதனை நின்றபடியே படித்து முடித்து, ஆடவர்மேல் தீர்த்துக்கொண்ட கடும்பழி இது என்று வியந்தனராம். அதுவே சுல்தானாவின் கனவு என்னும் கதை. 1905 ஆம் ஆண்டில் அஃது அச்சேறியது நம் சென்னை மாநகரில் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி. கமலா சத்தியநாதன் அம்மையார் 1901 முதல் சென்னையில் நடத்திவந்த இந்திய மாதர் பத்திரிகை என்னும் ஆங்கில வெளியீட்டிலேதான் அது முதன்முதல் வெளிவந்தது. வங்கத்து முஸ்லிம் மாதொருவர் பகல்பூரிற் கண்ட கனவைச் சென்னைக் கிறிஸ்தவ மாதொருவர் உலகிற்கு அளித்தார். மூன்றாண்டு கழித்து 1908 இல் கல்கத்தாவில் தனி நூலாகவும் அது வெளிவந்தது.

அக்கதையின் போக்கு வருமாறு: சுல்தானா என்னும் பெண் தன் அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையைப்பற்றிச் சிந்தித்துக் கண்ணயர்கின்றாள். சாரா என்னும் தோழியை ஒத்த மாதொருத்தி வந்து அவளை வெளியே அழைத்துச் செல்கின்றாள். தெருவெங்கும் பெண்களே, ஆடவர் ஒருவரையும் காணோம். அவர்கள் அனைவரும் வீட்டினுள் அடைபட்டுச் சமையலும் குழந்தை வளர்ப்பும் மேற்கொண்டிருக்கின்றனர். கூச்சத்தோடு நடக்கும் சுல்தானாவைக் கண்டு, ஆண்பிள்ளைபோல நாணுகின்றாள் என்று அந்நாட்டுப் பெண்கள் நகையாடுகின்றனர்! சமையலறையிற் புகையில்லை, கரியில்லை. சூரிய வெப்பத்தைச் சேமித்து அதனாலேயே உணவு சமைக்கின்றனர். நிலத்தை மின்சாரம் உழுகின்றது. மேகமண்டலத்தில் மிதக்கும் பெரிய பலூனிலிருந்து குழாய்வழியாக நீரைப் பெறுகின்றனர். ஊர்தியும் வானத்திலேயே செல்கின்றது. அமெரிக்காவில் ரைட் சகோதரர் முதன்முதல் விமானத்திற் பறந்தது 1903 இறுதியில் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப்புரத்தில் இருந்தவாறே இதனை எழுதிய அம்மையாரின் கற்பனைத் திறம் விளங்கும்.

இந்நிலை அந்நாட்டிற்கு எவ்வாறு வாய்த்தது? அரசி ஒருத்தி பெண்கள் அனைவர்க்கும் கல்வி வேண்டும் என்று ஆணையிட்டாள். இருபத்தொரு வயதிற்கு முன் பெண்ணுக்கு மணம் கூடாது என்றும் விதித்தாள். பெண்களுக்கென இரு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று வானத்து நீரைப் பெறும் வழியையும், மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டும் வழியையும் கண்டறிந்தன. போர்க்கருவிகளைப் பெருக்குவதிலேயே முனைந்திருந்த ஆடவர் இவற்றை வெறும் பிதற்றல் என இகழ்ந்தனர். பின்னர் அடைக்கலம் புகுந்தோரைக் காட்டிக்கொடுக்க அரசி மறுத்தமையால் அண்டை நாட்டு மன்னன் படையெடுத்து வந்தான். ஆண்படை தோற்றது. அந்நிலையில் பெண்கள் வெளியே வரவேண்டுமாயின் ஆடவர் உள்ளே செல்லுதல் வேண்டும் என்று கூறி அவர்களை அந்தப்புரத்திற் புகச் செய்து, கல்லூரித் தலைவி இரண்டாயிரம் மாணவியருடன் போர்க்களம் சென்றாள். திரட்டிய சூரிய ஒளியைப் பகைவர்மேல் திருப்பிவிட, அவர்கள் வெப்பம் தாங்காது ஓடினர். உள்ளே சென்ற ஆடவர் பின்னர் வெளிவரவே இல்லை. இவற்றையெல்லாம் கண்டு வான ஊர்தியில் திரும்பும் சுல்தானா கால் வழுவி விழ, கண் விழித்துப் பார்க்கின்றாள். தன் அறையில், தன் நாற்காலியிலேயே இருக்கின்றாள்.

இக்கதை ஆடவரைச் சிறைப்படுத்த வேண்டும் என்று கூறுவதாகக் கொள்வது பேதைமை. கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தோன்றுதல்போல, பெண்களுக்கு நிகழ்ந்துவந்த கொடுமையை ஆடவர்க்கு மாற்றிக் காட்டினார். தனக்கு நேரும்போதன்றோ எவர்க்கும் அநீதி அநீதியாகத் தோன்றும்! கோஷா முறை இயற்கை நியதி என்று எண்ணியிருந்தோர், கதையைப் படித்து நகைத்தபின் ஒருகணம் திடுக்கிட்டிருத்தல் வேண்டும். விஞ்ஞானக் கற்பனைக் கதை என இன்று வழங்கும் இலக்கிய வகையில் பெண்பாலார் செய்த தொண்டு பழமையானது. ஆங்கில நாட்டு மேரி ஷெல்லி 1818 லேயே அதற்கு அடிகோலினார். எனினும் அவ்வகைக் கதைகளுக்கென 1953 இல் அமெரிக்காவில் ஏற்பட்ட ஹியூகோ பரிசை, ஒரு பெண்மணி தம் கதைக்காக முதன்முதற் பெற்றது 1968 இல்தான். அதற்கு அறுபத்து மூன்று ஆண்டுகட்கு முன்னர், பரிசும் பாராட்டும் கருதாது, தாய்மொழியல்லாத மொழியில், நம் நாட்டுப் பெண்ணொருவர் இத்தகைய கதையை எழுதினார் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருகின்றது.

நிற்க. கனவோடு நின்றிருந்தால் அம்மையார் நல்லதோர் எழுத்தாளராக மட்டுமே எண்ணப்படுவார். 1909 ஆம் ஆண்டு மே மாதத்தில் கணவர் காலமானார். பெண் கல்விக்கென அவர் பதினாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அத்தொகையைக் கொண்டு, கைம்மையுற்ற சில திங்களுக்குள்ளேயே, ஐந்து மாணவியரோடு பகல்பூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்திற் சொத்துப்பற்றி எழுந்த பூசலால் அவ்வூரை விட்டுக் கல்கத்தா செல்ல நேர்ந்தது. 1911 மார்ச்சு 16 ஆம் நாள் வாலியுல்லா சந்திலுள்ள ஒரு சிறிய வீட்டில் எட்டு மாணவியரோடு சகாவத் நினைவுப் பெண்பள்ளி மீண்டும் உயிர்பெற்றது. கதையில் இரண்டாயிரம் மாணவியரைப் போர்க்களம் அனுப்பிய கை, நனவில் எட்டுச் சிறுமியரைத் திரட்ட வீடுவீடாகச் சென்று பெற்றோரை வேண்டிநின்றது.

பள்ளிக்கூடத்தின் வாயிலையே மாணவியாக மிதித்தறியாதவர் அவர். ஆதலின் கல்கத்தாவிலுள்ள பிற பெண்பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு நடத்தும் முறைகளைக் கண்டு அறிந்துகொண்டார். இதனினும் பெரிய தடை மற்றொன்று இருந்தது. கோஷா முறைக்குச் சிறிதும் பங்கமின்றிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதாக உறுதியளித்தாலன்றிப் பெற்றோர் இசையார். ஆகவே நாற்புறமும் அடைத்த வண்டியொன்று பள்ளிக்கென அமைக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத அவ்வண்டியில் சிறுமியர் அஞ்சி அழுதனர், சிலர் மூர்ச்சையுற்றனர். கல்கத்தா இருட்டறையே சக்கரம் பூண்டு வந்ததுபோலும் என்று கண்டோர் வருந்தினர். மனம் பொறாத அம்மையார் பலகை அடைப்பை நீக்கித் திரைச்சீலை இட்டார். உடனே கடிதங்கள் வரத் தொடங்கின: காற்றில் திரை அசைகின்றது, கோஷா கெடுகின்றது, மாற்றாவிடிற் பத்திரிகைகளில் எழுதித் தூற்றுவோம் என்ற அச்சுறுத்தல்கள்! அடைத்தாற் பிள்ளைகள் மயங்குகின்றனர். திறந்தாற் பெற்றோர் நிறுத்துகின்றனர். வானத்திற் பறக்கும் ஊர்தியைக் கனவிற் கண்டவர்க்குத் தெருவிற் செல்லும் வண்டியின் திரைச்சீலை இத்துணைத் துன்பம் தந்தது!

அம்மையாரும் பர்தா அணிந்தே வெளிச்சென்றார். கோஷாவை இத்துணை வன்மையாகக் கண்டித்து எழுதியவர் தம் பள்ளியில் அதனைக் காத்து ஒழுகியது முரண்பாடன்றோ எனச் சிலர் வினவக்கூடும். எம் உள்ளத்திலும் இவ்வினா முதலில் எழுந்ததுண்டு. ஆழ்ந்து நோக்கின் விடை தெளிவாகும். அவர் திரையை விலக்கியிருப்பின் அவருக்குப் புகழ் வந்திருக்கும். பள்ளிக்கோ ஒரு மாணவியும் வந்திரார். தம் கொள்கையின் தூய்மையைவிட அச்சிறுமியரின் கல்வியே பெரிதென அவர் கருதினார். கற்ற பெண் தன் திரையைத் தானே விலக்கிக்கொள்வாள் என்பது அவருடைய நம்பிக்கையாக இருந்திருத்தல் வேண்டும்.

ஆயின் தம் எழுதுகோலுக்கு அவர் திரை இடவில்லை. 1916 இல் முஸ்லிம் மாதர் சங்கம் ஒன்றை நிறுவி, ஏழை மகளிர்க்கும் கைம்பெண்களுக்கும் உதவிவந்தார். 1924 இல் வெளியான பத்மராகம் என்னும் புதினத்தில், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பிராம்ம சமாஜப் பெண்கள் வேறுபாடின்றிக் கூடி வாழ்ந்து, பள்ளியும் மருத்துவச்சாலையும் நடத்தும் இல்லமொன்றைச் சித்திரித்தார். முற்கதையில் ஆடவர்க்குச் சிறை இருந்தது. இப்புதினத்து இல்லத்தில் எவர்க்கும் சிறையில்லை. பதினைந்தாண்டுப் பள்ளிப்பணி அவர் கனவைக் கனிவித்தது போலும்! 1931 இல் வெளிவந்த அவரோதபாசினி என்னும் நூலில், கோஷாவினால் விளைந்த நாற்பத்தேழு உண்மை நிகழ்ச்சிகளைத் தொகுத்தளித்தார். அவற்றுள் ஒன்று நெஞ்சை உருக்குவது: ரயில் மாறும்போது பர்தா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்த மாதொருத்தியை, ஆடவர் எவரும் தொடலாகாதென்று வேலைக்காரி தடுத்துவிட்டாள். காத்து நின்ற வண்டி இறுதியிற் புறப்பட, அம்மாது உயிரிழந்தாள். அவள் சகாவத் உசேனுக்கு உறவினளாவாள்.

பள்ளி மெல்ல வளர்ந்தது. 1915 இல் எண்பத்து நான்கு மாணவியர் பயின்றனர். 1930 இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று. இரண்டாண்டு கழித்து, 1932 டிசம்பர் 9 ஆம் நாள் அம்மையார் கல்கத்தாவில் உயிர் நீத்தார். பெண்களின் உரிமைபற்றி அவர் எழுதத் தொடங்கிய கட்டுரையொன்று முற்றுப்பெறாமல் நின்றது. சிறுபருவத்தில் இரவில் ஒளிந்து தொடங்கிய படிப்பும் எழுத்தும் இறுதி நாள்வரை ஓயவில்லை. அவருடைய பள்ளி இன்று அரசினர் பெண்பள்ளியாகக் கல்கத்தாவில் நிலவுகின்றது. டிசம்பர் 9 ஆம் நாள் வங்காளதேசத்தில் ரொக்கேயா நாள் எனக் கொண்டாடப்படுகின்றது. சுல்தானாவின் கனவு 2024 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் கல்வி அறிவியல் பண்பாட்டுக் கழகத்தின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

நண்பர்காள்! கல்லூரி நாள்களில் நாம் காணும் கனவுகள் பல. வெளியுலகிற் புகுந்ததும் அவை நிறைவேறாமை கண்டு, உலகத்தின்மேற் பழிபோட்டு ஓய்வதும், கனவையே பொய்யென்று கைவிடுவதும் இளைஞர்க்கு எளிது. ரொக்கேயா அம்மையார் இவ்விரண்டையும் செய்திலர். பெண்களின் பல்கலைக்கழகத்தைக் கனவிற் கண்டார். எட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். வான ஊர்தியை எண்ணினார். வண்டியின் திரைச்சீலையைத் தைத்தார். அச்சிறு பணியிலும் பெருங்கனவை மறவாதிருந்தமையே அவருடைய பெருமை. இன்று நம் வகுப்பறைகளில் ஆடவரோடு ஒப்ப அமர்ந்து, பகல் வெளிச்சத்தில் நூல் விரித்துக் கற்கும் மாணவியர் ஒவ்வொருவரும், மெழுகுவத்தியின் அருகே அன்று ஒளிந்து கற்ற அச்சிறுமியை ஒருகால் நினைத்தல் நன்று.