பொம்மை வீட்டில் பிணம்!

பொம்மை வீடு என்றால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான். குட்டிக் கட்டில் இருக்கும். குட்டி நாற்காலி இருக்கும். ஆனால், அமெரிக்காவில் ஒரு சீமாட்டி கட்டிய பொம்மை வீடுகளில் பிணம் கிடந்தது! அவற்றைப் பார்க்க வந்தவர்களும் குழந்தைகள் அல்ல. போலீஸ் அதிகாரிகள்!

அந்தச் சீமாட்டியின் பெயர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ.

பணக்கார வீட்டுப் பெண்

பிரான்சிஸ், 1878-ம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தார். விவசாய எந்திரங்கள் செய்யும் தொழிலில் தந்தை பெரும் பணம் சம்பாதித்தவர். பிரான்சிசும் அவருடைய அண்ணனும் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் படித்தார்கள். பிறகு அண்ணன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். தங்கையைக் காலேஜுக்கு அனுப்பவில்லை. தையலும் பின்னலும்தான் கைவசம் ஆயின.

20 வயது நிறையும் முன்பே கல்யாணம். கணவர் வக்கீல். 3 குழந்தைகள் பிறந்தன. கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. 1914-ல் விவாகரத்து ஆகிவிட்டது.

அதற்கு முந்திய ஆண்டு, தாயாரின் பிறந்த நாளுக்கு ஒரு பரிசு செய்து கொடுத்தார். சிகாகோ இசைக்குழு முழுவதையும் பொம்மையாகச் செய்துவிட்டார். 90 பொம்மைகள்! ஒவ்வொன்றின் கையிலும் அதனதன் வாத்தியம்.

டாக்டர் சொன்ன கதை

அண்ணனின் நண்பர் ஒருவர் டாக்டர். பெயர் ஜார்ஜ் மக்ராத். பாஸ்டன் நகரில் சந்தேக மரணங்களைப் பரிசோதிப்பது அவர் வேலை. அவர் சொன்னதைக் கேட்டுப் பிரான்சிஸ் திடுக்கிட்டார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில், சாவை விசாரிக்கும் அதிகாரியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வைத்தியம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை! போலீசாரும் பிணத்தைப் புரட்டிவிடுவார்கள். ரத்தக் கறைமேல் நடப்பார்கள். கொலை, தற்கொலை ஆகிவிடும். குற்றவாளி தப்புவான். நிரபராதி மாட்டிக்கொள்வான்.

தந்தை வழிச் செல்வம் கையில் இருந்தது. 1931-ல் அவர் கொடுத்த பணத்தில் ஹார்வர்டில் இதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு ஏற்பட்டது. தனக்குக் கதவைத் திறக்காத இடத்துக்கு அள்ளிக் கொடுத்தார்!

ஒரு அடிக்கு ஒரு அங்குலம்

படிப்பு சரி. பழகுவது எப்படி? கொலை நடந்த வீட்டை வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா? 'முடியும்' என்று நினைத்தார் அம்மையார்.

அப்போது அவருக்கு 60 வயதுக்கு மேல். ஒரு தச்சரை வைத்துக்கொண்டு மர வீடுகளைக் கட்டத் தொடங்கினார். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்பது கணக்கு. 6 அடி மனிதன் 6 அங்குலப் பொம்மை ஆவான். கதவு, ஜன்னல், மேஜை எல்லாம் தச்சர் வேலை. விளக்கு எரியும். பூட்டு பூட்டும். எலிப்பொறிகூட வேலை செய்யும்!

பொம்மைகள் அம்மையாரின் பொறுப்பு. குண்டூசி போன்ற ஊசிகளால் குட்டிக் காலுறை பின்னினார். பிறகு வர்ணம் தீட்டினார். இதில்தான் அவர் மிகவும் கண்டிப்பு. விஷவாயுவால் இறந்தவரின் உடல் சிவந்து காணும். பொம்மையும் அப்படியே சிவந்திருக்க வேண்டும். செத்து எத்தனை நேரம் ஆயிற்று என்பதைத் தோலின் நிறம் சொல்ல வேண்டும். நிறம் தவறினால் பாடமே தவறிவிடும் அல்லவா?

போலீஸ் காப்டன்

1943-ல் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலப் போலீசில் அவருக்குக் காப்டன் பதவி கிடைத்தது. பேரன் பேத்தி கொஞ்சும் வயதில் போலீஸ் பதவி! 1945-ல் போலீசாருக்கு வகுப்பு தொடங்கியது. ஒரு வீட்டைப் பார்த்துத் துப்புத் துலக்க 90 நிமிடம் கொடுப்பார்கள். வகுப்பு முடிந்ததும் பெரிய ஓட்டலில் அம்மையார் செலவில் தடபுடலான விருந்து.

ஒரு வீட்டைப் பாருங்கள். அது ஒரு சமையல் அறை. பெண் ஒருத்தி தரையில் செத்துக் கிடக்கிறாள். அடுப்பின் காஸ் திறந்திருக்கிறது. கதவு இடுக்கில் காகிதம் அடைத்திருக்கிறது. தற்கொலைதான் என்று தோன்றும். ஆனால், உருளைக்கிழங்கு பாதி உரித்தபடி இருக்கிறது. இஸ்திரி வேலையும் பாதியில் நிற்கிறது. சாகப் போகிறவள் கிழங்கு உரிப்பாளா?

அம்மையார் 1962-ல், தமது 83-வது வயதில் காலமானார். ஹார்வர்டில் அந்தப் பிரிவு மூடப்பட்ட பின், பொம்மை வீடுகள் பால்டிமோர் நகரில் உள்ள பிரேதப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2017-ல் வாஷிங்டன் நகரில் பொதுமக்களுக்கும் காட்டினார்கள். கூட்டம் வந்து குனிந்து குனிந்து பார்த்தது. விடையை மட்டும் வெளியிடவில்லை. வருங்காலப் போலீசாரின் பாடம் கெட்டுவிடுமாம்!