கையில் தொப்பி ஊசி, வழியில் மருந்துக்கடை... உலகின் முதல் லாங் டிரைவ் போன பெர்த்தா பென்ஸ்!

ஹைவேஸ்ல போயிட்டிருக்கும்போது கார் திடீர்னு நின்னுடுச்சுன்னா என்ன செய்வீங்க? மொபைலை எடுத்து மெக்கானிக் நம்பரைத் தேடுவீங்க. மெக்கானிக்கே இல்லாத காலத்துல, பெட்ரோல் பங்க்கே இல்லாத ரோட்டுல, ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு கார் எடுத்துக் கிளம்பினார் ஒரு அம்மா. வருஷம் 1888. பெயர், பெர்த்தா பென்ஸ்.

ஆமாங்க, அந்த பென்ஸ்தான்!

ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்தில், 1849 மே 3 அன்று வசதியான தச்சுக் குடும்பத்தில் பிறந்தவர் பெர்த்தா. அவர் மனதைப் பறிகொடுத்ததோ, காசில்லாத இன்ஜினீயர் கார்ல் பென்ஸிடம். கல்யாணத்துக்கு முன்பே தன் சீர்ப்பணத்தை வாங்கி கார்லின் பட்டறைக்குக் கொடுத்தார். அந்தப் பணம்தான் ஒத்துவராத பங்குதாரரிடமிருந்து பட்டறையை மீட்டது. 1872-ல் கல்யாணம். அதன்பிறகு வருஷக்கணக்கில் கடன், இன்ஜின், குழந்தைகள். 1886 ஜனவரி 29 அன்று, மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு கார்ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

வண்டி தயார். ஆனால், வாங்கத்தான் ஆள் இல்லை. பட்டறையைச் சுற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினால் யார் நம்புவார்கள்? கார்லோ இன்னும் சரிசெய்யணும், இன்னும் சரிசெய்யணும் என்று திருத்திக்கொண்டே இருந்தவர். போட்ட பணம் பெர்த்தாவுடையது. வண்டி விற்காவிட்டால் அத்தனையும் போச்சு!

1888 ஆகஸ்டில் ஒருநாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமல் வண்டியை எடுத்தார் பெர்த்தா. உடன் 15 வயது ஆய்கன், 13 வயது ரிச்சர்ட். மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, 100 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான தூரம். குதிரை வண்டிகளுக்கான மண்சாலை. அடிச்சுப் புடிச்சு ஓட்டினாலும் மணிக்கு 16 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி.

முதல் பிரச்னை, எரிபொருள். டேங்க் ரொம்பச் சின்னது. வீஸ்லோக் ஊருக்கு வந்ததும் நேராக மருந்துக்கடைக்குப் போனார். லிக்ராயின் என்ற திரவத்தை அப்போது துணிக் கறை போக்க மருந்துக்கடைகளில் விற்பார்கள். இந்த இன்ஜின் குடித்ததும் அதைத்தான். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றைக்கும் அந்தக் கடையைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து, தண்ணீர். இன்ஜின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கிணறு, ஓடை, சத்திரம் என்று கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்றினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. பெர்த்தாவின் வண்டி திறந்த அமைப்பு கொண்டது. உங்க கார் அப்படியில்லை. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். நன்றாக ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்கணும்.

போகிற வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியைக் கூந்தலோடு சேர்த்துக் குத்தும் நீள ஊசியை உருவி, அடைப்பை எடுத்தார் பெர்த்தா. பிறகு இக்னிஷன் ஒயரின் உறை தேய்ந்து ஷார்ட் ஆனது. காலுறையைப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி, ஒயர்மேல் சுற்றினார். இந்த ரெண்டையும்தான் எல்லோரும் சிலாகித்துச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அவருடைய கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. செயின் பழுதானபோது அவரே மல்லுக்கட்டவில்லை. புருக்சால் ஊரில் ஒரு கொல்லரிடம் போனார். தன்னால் முடிவது எது, ஆள் தேட வேண்டியது எது என்று நடுரோட்டில் நின்று பிரித்துப் பார்க்கிற நிதானம் எத்தனை பேருக்கு வரும்?

இன்றைக்கு ஒயர் கருகும் வாசனை வந்தால் பட்டையெல்லாம் சுற்றிக்கொண்டிருக்காதீங்க. வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைங்க. எல்லோரும் இறங்கித் தள்ளிப் போங்க. புகை வந்தால் பானெட்டைத் திறக்கவே கூடாது; காற்று பட்டால் தீ பிடித்துக்கொள்ளும். சாதாரண பிரேக்டவுன் என்றால் ஹசார்டு லைட்டைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று 1033-க்கு போன் பண்ணுங்க. தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது.

மேடு வந்தது. வண்டியில் இருந்ததே ரெண்டு கியர், ஏற முடியவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். ஏறிய மேட்டில் இறங்கணுமே? அதுதான் இன்னும் ஆபத்து. மரக்கட்டை பிரேக் தேய்ந்து தேய்ந்து பிடிப்பு விட்டுப்போனது. ஒரு ஊரில் செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டைமேல் தோல் அடிக்கச் சொன்னார் பெர்த்தா. இன்று உங்க காரில் இருக்கும் பிரேக் பேடுக்கு இதுதான் பாட்டி!

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறி பிடிப்பு போவது இன்றைய காருக்கும் உண்டு. அதனால், மலையில் எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்குங்க. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சாயங்காலம் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்ததும், பத்திரமாக வந்துவிட்டோம் என்று கார்லுக்கு ஒரு தந்தி. சில நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு அதே வண்டியில் திரும்பினார். வந்ததும் வழியில் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல, மேடு ஏறுவதற்கென்று கூடுதலாக ஒரு கியர் சேர்த்தார் கார்ல். அதே வருஷம் மியூனிக் கண்காட்சியில் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிறகு, பென்ஸ் கம்பெனி வளர்ந்த கதை உங்களுக்கே தெரியும்.

1929-ல் கார்ல் இறந்தார். பெர்த்தாவுக்கு ஆயுசு கெட்டி. 1944-ல் 95-வது பிறந்தநாள் அன்று, கார்ல் படித்த கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு கௌரவப் பட்டம் அளித்தது. கார்லுக்கு அங்கே கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்து கிட்டத்தட்ட 30 வருஷம் ஆகியிருந்தது. பட்டம் வந்த ரெண்டாவது நாள், மே 5 அன்று, லாடன்பர்க் வீட்டில் பெர்த்தா காலமானார்.

2008-லிருந்து அவர் போய்வந்த பாதை முழுக்க அவர் பெயரில் வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. போக வர 194 கிலோமீட்டர். வீஸ்லோக் மருந்துக்கடை வாசலில் ஒரு நினைவுச்சின்னமும் இருக்கிறது.