மேரி கார்ப்பெண்டரின் வாழ்வும் ஆசிரியைப் பயிற்சிச் சிந்தனையும்

முன்னுரை

19ஆம் நூற்றாண்டின் பெண்கல்வி வரலாற்றில் பள்ளிகளை நிறுவியோர் பெரிதும் போற்றப்படுகின்றனர். அப்பள்ளிகளில் கற்பிப்போர் யார் என்னும் வினாவோ பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இவ்வினாவை இந்தியாவில் அழுத்தமாக எழுப்பியவர்களுள் ஒருவர் ஆங்கிலேயக் கல்வியாளர் மேரி கார்ப்பெண்டர் (1807-1877). அவரது வாழ்வின் வழியே இவ்வினாவின் தோற்றத்தையும் அது எதிர்கொண்ட தடையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

மேரி கார்ப்பெண்டர் 1807 ஏப்ரல் 3ஆம் நாள் எக்சிட்டர் நகரில் பிறந்தார். தந்தை லேண்ட் கார்ப்பெண்டர் யூனிட்டேரியன் சமயக் குரு. திரித்துவக் கோட்பாட்டை ஏற்காது இறைவனின் ஒருமையை வலியுறுத்துவது இச்சமயப் பிரிவு. 1817இல் குடும்பம் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை நடத்திய பள்ளியில் ஆண்பிள்ளைகளுடன் அமர்ந்து இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றை மேரி கற்றார். அக்காலப் பெண்களுக்கு எளிதில் வாய்க்காத கல்வி அது. 1829இல் தாயுடனும் தங்கையருடனும் இணைந்து பெண்கள் பள்ளியொன்றைத் தொடங்கினார்.

1833இல் பிரிஸ்டலுக்கு வந்த இராசாராம் மோகன்ராயின் தொடர்பு இந்தியா குறித்த ஆர்வத்தை அவருள் விதைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ராய் அந்நகரின் அருகிலேயே காலமானார்.

சீர்திருத்தப் பள்ளிகள்

1846இல் பிரிஸ்டலின் லெவின்ஸ் மீட் பகுதியில் வறிய சிறுவர்க்கான இலவசப் பள்ளியை மேரி நிறுவினார். குற்றமிழைத்த சிறுவரைச் சிறையிலடைப்பது அவர்களைத் திருத்தாது என்பது அவரது துணிபு. இதனை விளக்கும் நூலை 1851இல் வெளியிட்டார். 1852இல் கிங்ஸ்வுட்டில் சீர்திருத்தப் பள்ளியையும், 1854இல் பைரன் சீமாட்டியின் உதவியுடன் சிறுமியர்க்கான ரெட் லாட்ஜ் இல்லத்தையும் தொடங்கினார். அவ்வாண்டு இயற்றப்பட்ட இளங்குற்றவாளிகள் சட்டம் இத்தகைய பள்ளிகளுக்கு ஏற்பளித்தது.

எனினும் 1851இல் பர்மிங்காமில் கூடிய மாநாட்டின் உருவாக்கத்தில் பெரும்பங்காற்றிய அவர், ஆடவர் அவையில் பெண் பேசுதல் தகாது எனக் கருதி அங்குப் பேசவில்லை. பின்னாளில் இந்நிலை மாறியது.

இந்தியப் பயணமும் கருத்து மோதலும்

1866இல் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்த அவர் பம்பாய், அகமதாபாத், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களின் பள்ளிகளைப் பார்வையிட்டார். பெண்பள்ளிகள் பலவற்றிலும் ஆடவரே கற்பித்தனர். சிறுமியர் பருவமெய்தும் முன்பே பள்ளியை விட்டு நின்றனர். ஆசிரியைகளை உருவாக்காமல் பெண்கல்வி வளராது என முடிவுசெய்த அவர், அரசே பயிற்சிப் பள்ளிகளை நிறுவ வேண்டுமெனக் கோரினார்.

பெண்கல்விக்காகப் பாடுபட்ட ஈசுவர சந்திர வித்தியாசாகர் இத்திட்டத்தின் தேவையை மறுக்கவில்லை. நடைமுறையில் அது நிறைவேறுமா என ஐயுற்றார். மணமான பெண்களைக் குடும்பங்கள் பணிக்கு அனுப்பா. கைம்பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறினால் பழிச்சொல்லுக்கு ஆளாவர் என்பது அவரது வாதம். 1869இல் கல்கத்தாவின் பெத்தூன் பள்ளியில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பிரிவு 1872இல் மூடப்பட்டது.

இறுதிக்காலம்

1870இல் பிரிஸ்டலில் தேசிய இந்தியச் சங்கத்தை மேரி நிறுவினார். 1876 வரையிலான பத்தாண்டுகளில் நான்குமுறை இந்தியாவுக்கு வந்தார். வாழ்வின் இறுதியில் பெண்களின் உயர்கல்விக்கும் வாக்குரிமைக்கும் வெளிப்படையாக ஆதரவளித்தார். 1877 ஜூன் 14ஆம் நாள் பிரிஸ்டலில் மறைந்தார்.

முடிவுரை

பெத்தூன் பயிற்சிப் பிரிவு மூடப்பட்டதைக் கொண்டு மேரியின் சிந்தனையைப் பிழையெனத் தள்ளுதல் பொருந்தாது. அவர் பள்ளியின் தேவையைக் கண்டார்; வித்தியாசாகர் வீட்டின் தடையைக் கண்டார். இரண்டும் உண்மையே. பயிற்சிக்கு வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பான உறைவிடமும் சமூக மதிப்பும் முதலில் அமைய வேண்டும் என்பதே இம்மோதல் உணர்த்தும் பாடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளங்கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து, அவர்களை ஆசிரியைகளாக உயர்த்தியபோது இவ்விரு தேவைகளும் ஒருங்கே நிறைவேறின. ஆகவே மேரி கார்ப்பெண்டரை மீட்பராகவோ குடியேற்ற ஆட்சியின் முகவராகவோ மட்டும் காணாமல், சரியான வினாவை எழுப்பி அதற்கு முழுமை பெறாத விடை கண்டவராக மதிப்பிடுதலே தகும்.