ஒரே அருவி, ஒவ்வொரு மாசமும் வேற

போன்ல ஒரே இடத்துல ஐம்பது கிளிக் அடிப்பீங்கதானே? ஆன்சல் ஆடம்ஸ் கையில் ஒருநாள் மிச்சம் இருந்தது ரெண்டே கண்ணாடித் தகடு.

1902-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரல, வீட்டிலேயே படிச்சார், பியானோ கத்துக்கிட்டார். 1916-இல், 14 வயசில், கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவுக்குக் குடும்பத்தோட போனார். கையில் ஒரு கோடாக் பாக்ஸ் பிரவுனி கேமரா. அதுக்கப்புறம் சாகும்வரை வருஷம் தவறாம அங்கே போனார்.

ஒரே இடத்துக்கு ஏன் திரும்பத் திரும்ப? 739 மீட்டர் உயர யோசெமிட்டி அருவிக்கு, பனி உருகி வர்ற தண்ணிதான் உயிர். மே மாசம் கொட்டும். ஆகஸ்ட்டில் பெரும்பாலும் வத்திடும். குளிர்காலத்தில் அடிவாரத்தில் பனிக்கூம்பு எழும்பும். ஒரு தடவை போனவங்களுக்கு இதில் ஒரு முகம்தான் தெரியும்.

1927-இல் பனியில் ஏறி, அதே பூங்காவின் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போனார். அப்போதான் அந்த ரெண்டு தகடு. முதலில் மஞ்சள் ஃபில்டர். மனசில் பார்த்த கறுத்த வானம் அதில் வராதுன்னு உடனே புரிஞ்சுது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர் போட்டார். அது நீல ஒளியைத் தடுத்து வானத்தைக் கறுப்பாக்கும். அந்தப் படம்தான் அவர் பாதையைத் திருப்பியது. பியானோவா கேமராவா என்ற கேள்விக்குச் சில வருஷத்தில் பதில் சொன்னார்: கேமரா.

1984-இல் மறைந்தார். மறுவருஷம் அந்தப் பூங்காவின் ஒரு சிகரத்துக்கே அவர் பேர் வெச்சாங்க.

நீங்களும் போன இடத்துக்கே, வேறொரு மாசத்தில், இன்னொரு தடவை போய்ப் பாருங்க.